சாஃப்ட்பால் பயிற்சியில் பேஸ் ரன்னிங்குக்கு (ஹோமில் அடித்துவிட்டு ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் பேஸ்களைத் தொட்டு ஹோமுக்கே திரும்பும் ஓட்டத்துக்கு) எவ்வளவு நேரம் ஒதுக்குகிறீர்கள், எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

களத்துப்புழுதி:
14 வயதுக்கு உட்பட்ட பெண்கள் ஃபாஸ்ட்பிட்ச் (வேகமாகப் பந்து வீசும் வகை) அணி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். பேட்டிங் பரவாயில்லை, ஃபீல்டிங்கும் தேறிவிட்டது. பேஸில் ஏறியபின்தான் எல்லாம் கோணலாகிறது. லைன் டிரைவ் (தாழ்வாக நேராகப் பாயும் அடி) பறந்தால் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த பேஸுக்கு ஓடுகிறார்கள், பந்தைப் பிடித்தவள் சாவகாசமாகத் திருப்பி எறிந்து டபுள் பிளே (ஒரே அடியில் இரண்டு அவுட்) ஆக்குகிறாள். சீக்கிரம் பேஸை விட்டதாக அம்பயர் அவுட் கொடுக்கிறார். செகண்டுக்குப் போகும் வழியில் நின்று பந்தை வேடிக்கை பார்க்கிறார்கள். இரண்டு மணி நேரப் பயிற்சியில் பேட்டிங்கும் ஃபீல்டிங்கும் போக மிஞ்சுவது கடைசிப் பத்து நிமிடம்தான், அதில் பேஸைச் சுற்றி ஓடவிட்டு வீட்டுக்கு அனுப்புவதுதான் இங்கே வழக்கம். நீங்களெல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

முகமூடி:
ரொம்ப வருடம் கேட்சராக (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவராக) இருந்தவன், இப்போது பயிற்சியாளன். முதல் வேலையாக அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை எடுத்துவிடுங்கள். களைத்துப்போன கால், வீட்டுக்குப் போகும் நினைப்பு, களத்தில் பந்தே இல்லை. இந்த நிலையில் ஓடும் பிள்ளை மூச்சிரைப்பதைத் தவிர எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஆட்டத்தில் உங்கள் பிள்ளைகள் அவுட் ஆவது கால் மெதுவாக இருப்பதால் என்றா நினைக்கிறீர்கள்? நீங்கள் எழுதியிருக்கும் மூன்று தவறையும் திரும்பப் படித்துப் பாருங்கள், மூன்றுமே கண்ணில் நடக்கும் தவறு. பந்து எங்கே, யார் கையில், எத்தனை அவுட், எனக்கு முன்னால் யார் என்று பார்க்காமல் ஓடுவது அல்லது பார்க்க வேண்டாத நேரத்தில் பார்ப்பது.

பேட்டிங் பயிற்சி நடக்கும்போதே ரன்னர்களை பேஸில் நிறுத்துங்கள். ஒருத்தி அடிக்கிறாள், ஃபர்ஸ்டிலும் செகண்டிலும் தேர்டிலும் ஆள் நிற்கிறார்கள், ஒவ்வொரு பந்துக்கும் பிட்சர் (பந்து வீசுபவள்) பந்தை விடுவதைப் பார்த்துக் கிளம்பி மூன்று எட்டு வந்து, பேட்டில் பட்ட பந்தைப் படித்து, முதல் நாலைந்து எட்டு முழு வேகத்தில் முடிவெடுத்துவிட்டு நிறுத்தித் திரும்பி வருகிறார்கள். முழுதாக அடுத்த பேஸ் வரை போக வேண்டியதில்லை, முடிவு சரியா தவறா என்பதுதான் விஷயம். ஒரு பேட்டர் இருபது பந்து அடித்தால் மூன்று ரன்னருக்கும் இருபது இருபது முடிவு கிடைக்கிறது, தனியாக நேரமே ஒதுக்க வேண்டாம்.

வேகக்கால்:
முகமூடி சொல்வது பாதிதான் சரி. முடிவெடுப்பது முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஹோமிலிருந்து ஃபர்ஸ்ட் வரை ஒழுங்காக ஓடத் தெரியாத பிள்ளைக்கு எந்த முடிவும் உதவாது. பேஸுக்குப் பேஸ் 60 அடிதான், 18 மீட்டரும் கொஞ்சமும். அந்த தூரத்தில் ஒரு எட்டு வீணானால் ஆட்டம் முடிந்தது. நான் பார்த்த பிள்ளைகளில் பாதிப்பேர் அடித்தவுடன் பந்தைப் பார்த்துக்கொண்டே முதல் இரண்டு எட்டை வைக்கிறார்கள், கடைசி எட்டில் பேஸின் மேல் குதிக்கிறார்கள். குதிக்கும் நேரமெல்லாம் காற்றில் போகும் நேரம், தரையில் தள்ளி ஓடும் வேகம் அப்போது கிடையாது. பேஸின் முன் விளிம்பைத் தொட்டபடி அதைத் தாண்டி இன்னும் ஐந்து மீட்டர் இருப்பதாக நினைத்து ஓட வேண்டும். இதை நானே பேஸுக்குப் பின்னால் ஒரு கூம்பை வைத்து, "கூம்புதான் உன் ஃபர்ஸ்ட்" என்று சொல்லிப் பழக்கினேன். பேஸைத் தாண்டியபின் சின்னச் சின்ன எட்டாக வைத்து வேகத்தைக் குறைத்து, உடனே வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. எறிந்த பந்து ஃபர்ஸ்ட் பேஸ்மேனைத் தாண்டி ஓடியிருந்தால் அங்கேதான் தெரியும்.

பந்தைப் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. மூன்றாவது நாலாவது எட்டில் ஒரு நொடிப் பார்வை, அவ்வளவுதான். பந்து இன்ஃபீல்டை (பேஸ்களைச் சுற்றிய உள்களத்தை) தாண்டிவிட்டதா? அப்படியானால் வெளிப்பக்கமாக வளைந்து வந்து, பேஸின் உள்மூலையைத் தொட்டு, செகண்டைப் பார்த்துத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் நேராக ஓடு.

இடதுகை:
உள்மூலையை எந்தக் காலால் தொட வேண்டும்? எங்கள் கோச் இடது கால்தான் என்று அடித்துச் சொல்வார்.

வேகக்கால்:
இடது கால் பட்டால் உடல் உள்ளே சாய்வதற்கு வசதி, உண்மைதான். ஆனால் இடது கால் வருவதற்காக எட்டைக் குறுக்கித் தடுமாறுவதைவிட எந்தக் கால் வருகிறதோ அதால் தொட்டுப் போவது நல்லது. பிள்ளைகளிடம் காலைப் பற்றிப் பேசாதீர்கள், வளைவைப் பற்றிப் பேசுங்கள். பேஸுக்கு மூன்று நாலு மீட்டர் முன்பே வெளியே வளைய ஆரம்பித்தால் கால் தானாகச் சரியாக வரும். ஒட்டிவந்து பேஸில் வைத்துத் திரும்பினால்தான் ரைட் ஃபீல்டர் பக்கமாகக் குடைசாய்ந்து ஓடுகிறார்கள்.

களத்துப்புழுதி:
இருவருக்கும் நன்றி. ஃபர்ஸ்டைத் தாண்டி ஓடியபின் இடது பக்கம் திரும்பினால் டேக் செய்து (பந்தோடு தொட்டு) அவுட் ஆக்கலாம், அதனால் வலது பக்கம்தான் திரும்ப வேண்டும் என்று எங்கள் பிள்ளைகளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது சரியா?

கறுப்புத்தொப்பி:
அம்பயராக நிற்கிறவன். இது எல்லா மைதானத்திலும் உலாவும் கட்டுக்கதை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பரவாயில்லை, நேராக பேஸுக்குத் திரும்பி வந்தால் போதும். செகண்டுக்குப் போக முயற்சி செய்தால்தான் டேக் செய்யலாம். ஒரு எட்டு அந்தப் பக்கம் வைத்து ஏமாற்றிப் பார்த்தாலும் அது முயற்சிதான், அங்கே நாங்கள் முடிவெடுப்போம். இரட்டை பேஸ் வைத்திருக்கும் மைதானமானால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் ஓட்டத்தில் உங்கள் பேட்டர் வெளியே இருக்கும் ஆரஞ்சுப் பாதியைத் தொட வேண்டும், வெள்ளைப் பாதி ஃபீல்டருக்கு. தாண்டிப் போய்த் திரும்பியபின் நிற்க வேண்டியது வெள்ளையில். அடுத்த பந்துக்கு ஆரஞ்சில் காலை வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை நான் ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறேன்.

இன்னொன்று. ஹோமிலிருந்து ஃபர்ஸ்டுக்கு வரும் கடைசி 30 அடிக்கு கோட்டின் வெளிப்புறம் மூன்று அடி அகலத்தில் ஒரு தடம் போட்டிருக்கும். பன்ட் (பேட்டை வீசாமல் பந்தை மெல்லத் தட்டுவது) அடித்துவிட்டு அந்தத் தடத்துக்கு உள்ளே புல் பக்கமாக ஓடி, கேட்சர் எறியும் பந்தை ஃபர்ஸ்ட் பேஸில் நிற்பவள் பிடிக்க முடியாமல் குறுக்கே நின்றால் அது இடைஞ்சல், அவுட். பன்ட் பயிற்சியில் ஒரு நாள் அந்தத் தடத்தைச் சுண்ணாம்பால் போட்டு ஓடவிடுங்கள்.

மூன்றாவது மூலை:
சீக்கிரம் பேஸை விடும் பிரச்சினைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. பேஸ்பால் மாதிரி முன்கூட்டியே விலகி நிற்க இங்கே இடமில்லை என்பதால், கிளம்பும் அந்தக் கணம்தான் எல்லாம். பிட்சரின் கையை விட்டுப் பந்து வெளியேறும் வரை கால் பேஸில் இருக்க வேண்டும். முன்னால் விட்டால் பந்து செத்துவிடும் (ஆட்டம் நின்றுவிடும்), அந்தப் பிட்ச் கணக்கில் சேராது, ரன்னர் அவுட். அடி விழுந்திருந்தாலும் போச்சு.

நான் இரண்டு விதமாகவும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். ஒன்று, ஒரு கால் பேஸின் முன் விளிம்பில், மற்றது முன்னால் தரையில், ஓட்டப் பந்தயத்தில் நின்றபடி கிளம்புவது போல. இன்னொன்று ஆடிக் கிளம்புவது: இடது கால் பேஸின் முன் விளிம்பில், வலது கால் பேஸுக்குப் பின்னால். பிட்சரின் கை மேலே சுழன்று வரும்போதே உடல் முன்னே ஆட ஆரம்பித்து வலது கால் முன்னால் வரும், பந்து கையை விடும் கணத்தில் இடது கால் பேஸை உதைத்துத் தள்ளும். இரண்டாவதில் உடல் ஏற்கெனவே அசைவில் இருப்பதால் முதல் எட்டு கனமாக இருக்காது. நல்ல அணிகள் பலவும் இப்படித்தான் செய்கின்றன. ஆனால் நேரம் பிசகினால் அம்பயருக்கு வேலை.

முகமூடி:
14 வயசுக்கு ஆடிக் கிளம்புவது வேண்டாம் என்பது என் கட்சி. அவர்களுக்கு ஒவ்வொரு பிட்சரும் புதுசு. கையின் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும், பிட்சர் வேண்டுமென்றே மெதுவாக ஒரு சேஞ்ச்-அப் வீசுவாள், ஆடிய பிள்ளை முன்னாலேயே கிளம்பியிருப்பாள்.

மூன்றாவது மூலை:
சேஞ்ச்-அப்பிலும் கை சுற்றும் வேகம் ஏறக்குறைய மாறக்கூடாது, அதுதானே சேஞ்ச்-அப்பின் வித்தையே? பேட்டரை ஏமாற்ற வேண்டுமென்றால் கை அதே மாதிரி வர வேண்டும். அதனால் ரன்னருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. பிட்சருக்குப் பிட்சர் மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் எதிரணிப் பிட்சர் பயிற்சிப் பந்து போடும்போது டக்அவுட்டில் அரட்டை அடிக்காமல் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, அவள் கையைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே ஆடிக் கிளம்பிப் பார்க்கச் சொல்வேன். ஒரு இன்னிங்ஸுக்குள் தாளம் பிடித்துவிடுவார்கள்.

சீக்கிரம் விடுகிறார்களா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் தொலைபேசியில் மெதுவோட்ட வீடியோ எடுங்கள், 240 ஃபிரேம் இருந்தால் நல்லது. ஃபர்ஸ்ட் பேஸுக்கு வெளியே கோட்டுக்குப் பின்னால் நின்று, ரன்னரின் காலும் பிட்சரின் கையும் ஒரே சட்டத்தில் வரும்படி பிடிக்க வேண்டும். வாயால் "நீ சீக்கிரம் போனாய்" என்றால் எந்தப் பிள்ளையும் நம்பாது. படத்தில் காட்டினால் வாதாடாது. எதிர்பாராத இன்னொன்றும் தெரியும்: முன்னால் விடும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், மற்றவர்கள் பந்து பாதி தூரம் போனபின்தான் கிளம்புவார்கள். பயத்தால் தாமதமாகக் கிளம்பும் பிள்ளையை அம்பயர் கண்டிக்கமாட்டார், அதனால் கோச்சும் கவனிப்பதில்லை.

முகமூடி:
கடைசி வரிக்கு முழு ஆதரவு. கேட்சராக இருந்தவனுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். பெண்கள் ஆட்டத்தில் பெரியவர்களுக்குப் பிட்சிங் தூரம் 43 அடி, சிறுமிகளுக்கு இன்னும் குறைவு. நல்ல வேகப்பந்து அரை விநாடிக்குள் என் கையில் வந்துவிடும். அதன்பின் நான் எடுத்து செகண்டுக்கு எறிய வேண்டிய தூரம் கிட்டத்தட்ட 85 அடி. ரன்னர் ஓட வேண்டியது 60 அடி. நீங்களே ஒரு நிறுத்துக்கடிகாரத்தில் மூன்றையும் தனித்தனியாக எடுங்கள்: கையை விட்டதிலிருந்து கேட்சர் கையுறை வரை, கேட்சர் கையுறையிலிருந்து செகண்டில் நிற்பவள் கையுறை வரை, அப்புறம் டேக் வைக்கும் நேரம். இதன் கூட்டுத்தொகையை உங்கள் ரன்னரின் நேரத்தோடு ஒப்பிட்டால் யார் ஸ்டீலுக்கு (அடி விழாமலே அடுத்த பேஸுக்கு ஓடுவதற்கு) போகலாம், யார் போகக்கூடாது என்று தகராறே வராது. விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகக் கிளம்பினால் அது தரையில் அரை மீட்டருக்கு மேல். செகண்டில் அவுட்டுக்கும் சேஃபுக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் அவ்வளவுதான்.

பெஞ்சுவாசி:
நான் மெதுவாகப் போடும் ஸ்லோபிட்ச் ஆடுகிறவன். எங்களுக்கு இந்த ஸ்டீல் கதையெல்லாம் உண்டா?

கறுப்புத்தொப்பி:
பெரும்பாலான ஸ்லோபிட்ச் விதிகளில் பந்து அடிபடும் வரை அல்லது பிளேட்டை அடையும் வரை பேஸில் ஒட்டி நிற்க வேண்டும், ஸ்டீல் இல்லை. உங்கள் லீக்கின் விதியைப் பாருங்கள். வளைவும் பந்தைப் படிப்பதும் உங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

களத்துப்புழுதி:
மூன்று எட்டு வந்து நின்றபின் என்ன? அங்கேதான் எங்கள் பிள்ளைகள் மரம் மாதிரி ஆகிவிடுகிறார்கள்.

முகமூடி:
பந்து பிளேட்டைச் சேரும் கணத்தில் இரண்டு காலும் தரையில், முழங்கால் மடிந்து, இரு பக்கமும் போகத் தயாராக இருக்க வேண்டும். மூன்றாவது எட்டு இன்னும் காற்றில் இருந்தால் கேட்சர் ஃபர்ஸ்டுக்கு எறிந்து முடித்துவிடுவாள். எவ்வளவு தூரம் என்றால், கேட்சர் எறிந்தால் ஒரு பாய்ச்சலில் திரும்பிச் சேரும் தூரம், அதற்கு மேல் ஒரு சாணும் வேண்டாம்.

பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று பந்தின் சரிவு. பந்து பாதி வழியிலேயே கீழே இறங்கத் தொடங்கினால் அது தரையில் குத்தும், குத்தும் வரை காத்திருக்காமல் அப்போதே கிளம்பலாம். இன்னொன்று கேட்சரின் முழங்கால். இரண்டு முழங்காலும் தரைக்குப் போனால் தடுக்கப் போகிறாள் என்று அர்த்தம், அந்த நிலையிலிருந்து எழுந்து எறிவது கஷ்டம். பந்து உருண்டு போன பிறகு ஓடுவதற்கும் முழங்கால் இறங்கும்போதே ஓடுவதற்கும் இரண்டு முழு எட்டு வித்தியாசம். இதைப் பயிற்றுவிக்க பிட்சர்கூட வேண்டாம். நீங்களே பிட்சர் இடத்தில் நின்று கைக்கு வந்தபடி நாலு பந்து நேராக, ஒன்று தரையில் என்று போடுங்கள், மூன்று பேரை ஃபர்ஸ்டில் ஒருவர் பின் ஒருவராக நிறுத்துங்கள். தரைப்பந்துக்கு மட்டும் கிளம்ப வேண்டும். பிள்ளைகளுக்கு விளையாட்டு மாதிரி இருக்கும்.

லைன் டிரைவுக்கு ஒரே சொல்தான்: நில். இரண்டு அவுட் ஆகவில்லையென்றால், பந்து இன்ஃபீல்டைத் தாண்டுவதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் அசைய வேண்டும். இரண்டு அவுட் என்றால் பேட்டில் பட்ட சத்தத்துக்கே ஓடு.

மூன்றாவது மூலை:
செகண்டில் நிற்பவளுக்கு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஃபர்ஸ்டில் ஆள் இல்லை, அதாவது அவள் ஓடியே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை, இரண்டுக்குக் குறைவாக அவுட். பந்து அவளுக்குப் பின்பக்கம், ஃபர்ஸ்ட் அல்லது செகண்ட் பேஸ்மேன் பக்கம் தரையில் போனால் உடனே தேர்டுக்கு. அவளுக்கு முன்னால் ஷார்ட்ஸ்டாப் (செகண்டுக்கும் தேர்டுக்கும் இடையே நிற்பவள்) பக்கமோ தேர்ட் பக்கமோ போனால் நின்று, ஃபர்ஸ்டுக்கு எறிந்தபின் முடிவு செய்யலாம். நேராக ஷார்ட்ஸ்டாப் கைக்குள் ஓடி டேக் வாங்கும் காட்சி இந்த வயசில் அடிக்கடி நடக்கும்.

என் பெயர்ப்படி தேர்ட் பேஸ் கோச் பெட்டிதான் என் வீடு, அதனால் இதையும். தேர்டிலிருந்து கிளம்பி வரும்போது கோட்டுக்கு வெளியே, ஃபவுல் பக்கமாக வர வேண்டும். உள்ளே வந்து அடிபட்ட பந்து காலில் பட்டால் அவள் அவுட், வெளியே பட்டால் வெறும் ஃபவுல். திரும்பிப் போகும்போது கோட்டுக்கு உள்ளே வந்தபடி போகலாம், அப்போது கேட்சர் தேர்டுக்கு எறியும் வழியை முதுகால் மறைத்தமாதிரி இருக்கும், வேண்டுமென்றே குறுக்கே போகாதவரை தவறில்லை. மேலே பறக்கும் எந்தப் பந்துக்கும் தேர்டில் இருப்பவள் பேஸுக்குத் திரும்பித் தயாராக வேண்டும், யோசனையே வேண்டாம்.

இடதுகை:
டேக் அப் (பறந்த பந்து பிடிபடும்வரை பேஸில் இருந்துவிட்டு ஓடுவது) விஷயத்தில் பந்து கையுறைக்குள் அடங்கும் வரை காத்திருக்க வேண்டுமா, பட்டவுடனா?

கறுப்புத்தொப்பி:
பட்டவுடன். முதல் தொடுதலே போதும், ஃபீல்டர் தட்டித் தட்டி மூன்றாவது முயற்சியில் பிடித்தாலும். இதைத் தெரிந்துவைத்திருக்கும் பிள்ளை அந்த அரைக் கணத்தை லாபமாக எடுப்பாள்.

அப்புறம் கோச்சுகள் என்னிடம் அதிகமாகச் சண்டைபிடிக்கும் இடம் இது: டேக் அப் செய்யாமல் சீக்கிரம் விட்ட ரன்னரை எதிரணி முறையீடு செய்து மூன்றாவது அவுட் ஆக்கினால், அது ஃபோர்ஸ் அவுட் (அடுத்த பேஸுக்கு ஓடியே ஆக வேண்டியவள் அதைச் சேருமுன் ஆகும் அவுட்) அல்ல. அதற்கு முன்பே முன்னால் ஓடியவள் முறையாக ஹோமைத் தொட்டிருந்தால் அந்த ரன் செல்லும். ஃபோர்ஸ் அவுட்டோ, பேட்டர் ஃபர்ஸ்டை அடையும் முன் அவுட்டோ மூன்றாவதானால் செல்லாது. அதனால் செகண்டுக்கும் ஃபர்ஸ்டுக்கும் இடையே யாரும் மாட்டிக்கொண்டால் ஹோமுக்குப் போகிறவள் திரும்பிப் பார்த்து வேகத்தைக் குறைக்கக்கூடாது. டேக் விழும் முன் ஹோமைத் தொட்டாளா என்றுதான் நாங்கள் பார்ப்போம்.

இன்னொரு சண்டை, பிட்சரின் வட்டம். 8 அடி ஆரம் உள்ள அந்த வட்டத்துக்குள் பிட்சர் கையில் பந்து வந்துவிட்டால், பேஸுக்கு வெளியே நிற்கும் ரன்னர் உடனே முன்னாலோ பின்னாலோ போக வேண்டும். நின்று ஆட்டம் காட்டக்கூடாது. ஒரு திசையில் கிளம்பியபின் மாற்றக்கூடாது, பேஸைத் தொட்டபின் மறுபடி விடக்கூடாது. மீறினால் பந்து செத்து ரன்னர் அவுட். பிட்சர் ரன்னரை நோக்கி எறிந்தாலோ எறிவதுபோல் கை ஓங்கினாலோ கட்டுப்பாடு போய்விடும். பேட்டர் ஃபர்ஸ்டை அடைந்தபின்தான் இந்த விதி வேலை செய்ய ஆரம்பிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது மூலை:
அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் ஒரு நல்ல ஆட்டம் ஒளிந்திருக்கிறது. தேர்டில் ஆள் இருக்கும்போது பேட்டருக்கு நாலு பால் (தவறான நாலு வீச்சு, ஃபர்ஸ்ட் இலவசம்) கிடைத்தால், மெதுவாக ஃபர்ஸ்டுக்கு நடக்காமல் ஓடிப்போய் நிற்காமலேயே செகண்டைப் பார்த்து வளையலாம். பிட்சர் பதறி அந்தப் பக்கம் எறிந்தால் தேர்டில் இருப்பவள் ஹோமுக்கு. எறியாவிட்டால் செகண்ட் இலவசம். ஃபர்ஸ்டைத் தாண்டியவள் ஒரு தடவைதான் நிற்கலாம், நின்றால் உடனே ஒரு பக்கம் முடிவெடுக்க வேண்டும்.

வேகக்கால்:
ஸ்லைடிங் (பேஸை நோக்கித் தரையில் சறுக்குவது) பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். எங்கள் பிள்ளைகளுக்கு அது பெரிய பயம், முழங்காலில் தோல் உரியும் என்று.

இடதுகை:
ஈரப் புல்லில் ஆரம்பியுங்கள். ஷூவைக் கழற்றிக் காலுறையோடு, நீளமான பேன்ட், கீழே ஈரமாக்கிய பிளாஸ்டிக் விரிப்பு அல்லது பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு. முதலில் தரையில் உட்காரவைத்து ஒரு காலை மடித்து மற்றதை நீட்டவைப்பேன், எந்தக் கால் இயல்பாக மடிகிறதோ அதுதான் அவளுக்கு, ஓடும்போது மாற்றாதீர்கள். நீட்டிய காலின் முழங்கால் லேசாக மடிந்து, பாதம் தரையிலிருந்து சற்று மேலே. மோவாய் நெஞ்சில் ஒட்டி, கைகள் மேலே. கையை ஊன்றினால்தான் மணிக்கட்டு போகும், அதற்கு இரண்டு கையிலும் ஒரு பிடி புல்லைக் கொடுத்து விடாதே என்று சொன்னால் போதும். குதிக்கக்கூடாது, ஓட்டத்திலிருந்தே உட்கார வேண்டும். பேஸுக்கு இரண்டரை மூன்று மீட்டர் முன்பே ஆரம்பிக்க வேண்டும். பயந்த பிள்ளை பேஸுக்குப் பக்கத்தில் வந்து தயங்கி உட்காரும், கணுக்கால் போவது அப்போதுதான்.

தலைமுன்னாக டைவ் அடிப்பதை இந்த வயசில் முன்னோக்கிச் செல்லும் பேஸுக்குச் சொல்லித்தரவேண்டாம். திரும்பி வரும்போது பாய்வது வேறு கதை, அதற்கு வேறு வழியில்லை.

முகமூடி:
பேஸ்களையும் பாருங்கள். தரையில் அசையாமல் நட்ட பேஸுக்குப் பதில், இடித்தால் கழன்றுவரும் பேஸ் போடுங்கள். 1988இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. இரண்டு வகை மைதானத்திலும் 600க்கு மேற்பட்ட சாஃப்ட்பால் ஆட்டங்களை எடுத்துப் பார்த்ததில், நிலையான பேஸில் 45 ஸ்லைடிங் காயம், கழலும் பேஸில் 2. இதற்கு மேல் வாதாட எனக்கு ஒன்றும் இல்லை.

பெஞ்சுவாசி:
இதையெல்லாம் எப்போது செய்வது? புழுதி அண்ணனுக்கு இருப்பதே இரண்டு மணி நேரம்.

களத்துப்புழுதி:
அதைத்தான் நேற்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். வார்ம்-அப்பில் வெறும் ஜாகிங்குக்குப் பதில் ஹோம்-ஃபர்ஸ்ட் ஓட்டமும் வளைவும், ஆளுக்கு நாலைந்து முறை, முழு வேகம், நடுவில் நல்ல இடைவெளி. பேட்டிங்கில் மூன்று பேஸிலும் ஆள், முகமூடி சொன்னபடி. எல்லாரும் ஹெல்மெட்டோடு. ஃபீல்டிங்கில் பந்து தட்டும்போது ரன்னர்களைச் சேர்த்து, "ஒரு அவுட், செகண்டில் ஆள்" என்று சொல்லிவிட்டு அடிப்பது. ஸ்லைடிங் வாரத்துக்கு ஒரு நாள். கடைசிப் பத்து நிமிடம் இல்லவே இல்லை, அதற்குப் பதில் இன்னும் சில பந்து அடிக்கட்டும்.

தண்டனையாக பேஸைச் சுற்றி ஓடச் சொல்வதையும் நிறுத்தப்போகிறேன். பேஸில் ஓடுவதே தண்டனை என்று பழக்கிவிட்டு, ஆட்டத்தில் ஆசையாக ஓடு என்றால் எப்படி ஓடுவார்கள்?

வேகக்கால்:
நல்ல திட்டம். ஓட்டத்தின் எண்ணிக்கையை ஏற்றிவிடாதீர்கள், களைத்தபின் ஓடும் ஓட்டம் தப்பான வடிவத்தைத்தான் பழக்கும்.

மூன்றாவது மூலை:
பேஸ் கோச்சுகளுக்கும் பயிற்சி கொடுங்கள். அடுத்த பேஸில் நிற்பவருக்குப் பேச்சும் சைகையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், பயிற்சியிலும் ஆட்டத்திலும். பந்து ரன்னருக்கு முன்னால் தெரிந்தால் அவளே பார்த்து முடிவெடுக்கட்டும். முதுகுக்குப் பின்னால் போனால், செகண்டை நெருங்கும்போதே தலையைத் தூக்கித் தேர்ட் கோச்சைப் பார்க்க வேண்டும். செகண்டைத் தொட்டபின் பார்த்தால் தாமதம். நீங்கள் எழுதியிருந்த அந்த நின்று வேடிக்கை பார்க்கும் வழக்கம் இதில்தான் போகும், ஏனென்றால் பந்தைத் தேடும் வேலை அவளுடையது இல்லை என்று தெரிந்துவிடும்.

களத்துப்புழுதி:
எங்களுக்குத் தேர்டில் நிற்க ஆள் நான்தான், ஃபர்ஸ்டில் பெஞ்சில் இருக்கும் பிள்ளை. பரவாயில்லையா?

மூன்றாவது மூலை:
தாராளமாக. ஃபர்ஸ்டில் நிற்கும் பிள்ளைக்கு மூன்றே வேலை கொடுங்கள்: எத்தனை அவுட் என்று ஒவ்வொரு பந்துக்கும் முன் சொல்வது, அடித்தவள் வரும்போது "நேராக" அல்லது "வளை" என்று கத்துவது, பிட்சர் வட்டத்துக்குள் பந்தோடு வந்துவிட்டால் "வட்டம்" என்று சொல்வது. பெஞ்சில் இருந்தபடியே ஆட்டம் படிக்கக் கற்றுக்கொள்வாள். அடுத்த முறை அவள் பேஸில் ஏறும்போது வித்தியாசம் தெரியும், ஆளை மாற்றி மாற்றி நிறுத்துங்கள்.